ஸ்பானிய மொழிக் கல்வியும் ‘பயன் யாது?’ என்னும் வினாவும்

பிற தேசத்து மொழியொன்றைப் பல்கலைக் கழகத்திற் சிறப்புப் பாடமாகப் பயிலப் போகிறேன் என்று நம் மாணவனொருவன் வீட்டிற் சொல்வானாயின், அவன் காதில் முதலில் விழும் வினா ‘அதனாற் பயன் யாது?’ என்பதேயாகும். வைத்தியமும் பொறியியலும் கணக்கியலும் பயில்வாரை நோக்கி இவ்வினாவை எவருங் கேட்பதில்லை. ஸ்பானிய மொழியையும் அதன் இலக்கியத்தையும், போதாக்குறைக்கு அம்மொழித் திரைப்படங்களையும் பயிலப் போகிறேன் என்பானை நோக்கியோ, தந்தையார் கேட்பர், மாமனார் கேட்பர், அடுத்த வளவாருங் கேட்பர்.

இவ்வினா புதியதன்று. ஸ்பானிய மொழிக்கு முதல் இலக்கணம் வகுத்த அந்தோனியோ தெ நெப்ரிஹா என்பார், தாம் எழுதிவந்த நூலின் மாதிரியைச் சலமன்கா நகரில் இஸபெல்லா அரசியாரிடங் காட்டினார். இஃது எதற்குப் பயன்படும் என அரசியார் வினவினார். அருகில் நின்ற ஆவிலா நகர் மேற்றிராணியார், நூலாசிரியரின் விடையைத் தாமே பறித்துக்கொண்டவராய், அரசியார் அயல் நாட்டுச் சாதியார் பலரை வென்றடக்கிய பின்னர், தோற்றவர் வென்றவரின் சட்டங்களையும் அவற்றோடு மொழியையும் ஏற்க நேருமென்றும், அப்பொழுது இந்நூல் உதவுமென்றும் விடையிறுத்தார். இவ்வுரையாடலை நெப்ரிஹாவே தமது முகவுரையிற் பொறித்து வைத்திருக்கின்றார். நூல் வெளிவந்தது 1492ஆம் ஆண்டிலாகும். கொலம்பசு மேற்றிசை நோக்கிப் பாய் விரித்ததும் அவ்வாண்டிலேதான்.

ஐந்நூறாண்டுகள் கழிந்தன. அவ்வினாவிற்கு இந்நாளில் விடை கூறுவோர் வெற்றியைப் பேசுவதை விடுத்து வியாபாரத்தைப் பேசுகின்றனர். ஸ்பானிய மொழி 20 நாடுகளில் அரசாங்க மொழியாக வழங்குகின்றது. அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 50 கோடியினர். ஆதலின் கற்றவனுக்குத் தொழில் எளிதிற் கிட்டும் என்பர். இவையெல்லாம் மெய்யே, யாமும் மறுத்திலேம். ஆயின், பயனை இவ்வளவிற் குறுக்கிக்கொண்டால் அது நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அண்மையிற் கண்டுவிட்டோம்.

ஐக்கிய அமெரிக்காவிலுள்ள மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக் கழகம், ஏறத்தாழ 4.5 கோடி டொலர் பற்றாக்குறை நேர்ந்ததைக் காரணமாகக் காட்டி, 2023ஆம் ஆண்டு 28 பட்டப் படிப்புக்களை நிறுத்தத் தீர்மானித்தது. உலக மொழிகள், இலக்கியங்கள், மொழியியல் ஆகியவற்றிற்குரிய துறை அவ்வகையிற் கலைக்கப்பட்டது. முதலில் மொழிக் கல்வி முழுவதையுமே ஒழிக்க எண்ணியிருந்த அதிகாரிகள், மாணவரும் ஆசிரியரும் எதிர்த்தெழவே, ஸ்பானியத்தையும் சீனத்தையும் விருப்பப் பாடமாக மட்டும் கற்பிக்கச் சில ஆசிரியரை நிறுத்திக்கொண்டனர். மொழிப் பாடம் நின்றது. அம்மொழியின் இலக்கியத்தையும் பண்பாட்டையும் ஆழ்ந்து கற்றுப் பட்டம் பெறும் வழி அடைபட்டது. ஸ்கொத்லாந்திலுள்ள அபர்டீன் பல்கலைக் கழகத்திலும் அவ்வாண்டிறுதியில் இத்தகைய ஆலோசனை எழுந்து பெருங் கிளர்ச்சியை விளைத்தது.

பேச்சிருந்தாற் போதும், ஏனையவற்றைக் கழித்துவிடலாம் என்னும் இக்கொள்கை தவறானது. அவ்வாறு கழித்தபின் எஞ்சுவது அம்மொழியும் அன்று என்பதே எமது துணிபு. இதனைச் சொல்லிவிட்டால் மாத்திரம் போதாது, காட்டவும் வேண்டும்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஸ்பானியத்தில் ‘தெசபரெசேர்’ என்னும் வினைக்கு ‘மறைதல்’, ‘காணாமற் போதல்’ என்பன பொருள். செயப்படுபொருள் குன்றிய வினை. ஒருவன் தானே மறைகின்றான், அவனை மற்றொருவன் மறைப்பதில்லை. அகராதியைப் புரட்டுவோனுக்கு இவ்வளவுந் தெரியவரும். 1976 முதல் 1983 வரை ஆர்சந்தீனாவை ஆண்ட இராணுவத்தார் ஆயிரக்கணக்கானோரை இரவிற் பிடித்துச் சென்றனர். பின்னர் அவர்களைப் பற்றி யாதுந் தெரியாதென்றனர். அக்கொடுமைக்குப் பின் இலத்தீன் அமெரிக்க மக்களின் வாயில் அவ்வினை செயப்படுபொருளை ஏற்று நின்றது. ‘மகன் மறைந்தான்’ என்பது மாறி, ‘மகனை மறைத்தார்கள்’ என்னும் வழக்கு நிலைபெற்றது. ‘தெசபரெசீதோ’ என்னும் எச்சம் ஒரு பெயராகி உலகமெங்கும் பரவிற்று. 1977ஆம் ஆண்டு புவெனோஸ் ஐரெஸ் நகரின் மே சதுக்கத்தில் தாய்மார் தம் மக்களின் பெயரைச் சொல்லி வலம்வரத் தொடங்கினர். அவர்களது கண்ணீர் ஒரு வினைச்சொல்லின் இலக்கணத்தை மாற்றியதென்றால் அது மிகைபடக் கூறலாகாது.

இந்தச் சொல்லைத் தமிழ் மாணவன் கற்கும்போது அவனுக்கு விளக்கவுரை வேண்டுவதில்லை. ‘காணாமற் போனோர்’ என்று ஒரு காலத்தில் எழுதிவந்த நாமே, போனார் அல்லர், ஆக்கப்பட்டார் எனத் திருத்தி, ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என எழுதலானோம். 2017ஆம் ஆண்டு கிளிநொச்சியிற் கந்தசுவாமி கோயிலடியில் அமர்ந்த தாய்மார் கையிலேந்திய பதாகையில் நின்ற சொல் அதுவே. கடல்கடந்த இரு மொழிகள் ஒரே துயரத்தால் ஒரே திருத்தத்தைச் செய்துகொண்டன. இக்காலத்துப் பொறிகள் ஒரு நொடியில் மொழிபெயர்த்துத் தருகின்றன. ‘தெசபரெசீதோ’வுக்கு ஒரு தமிழ்ச் சொல்லையுந் தந்துவிடும். அச்சொல்லின் பின்னே நிற்பவர் யாவர் என்பதை மாணவன் வேறிடத்தேதான் கற்றல் வேண்டும். அவ்விடம் வகுப்பறையாயின் நன்று.

அவ்விடத்திற்குத் திரைப்படமும் வரும். லூயிஸ் புவென்சோ என்பார் 1985ஆம் ஆண்டில் எடுத்த ‘அதிகாரபூர்வமான சரித்திரம்’ என்னும் படத்தின் தலைவி ஓர் ஆசிரியை. உயர்தரப் பாடசாலையிற் சரித்திரங் கற்பிப்பவள். பாடநூலில் உள்ளதே சரித்திரம் என நம்பி வாழ்ந்தவள், தான் தத்தெடுத்து வளர்க்கும் பெண்குழந்தை அவ்வாறு மறைக்கப்பட்ட ஒருத்தியின் குழந்தையாயிருக்கலாமோ என ஐயுறத் தொடங்குகின்றாள். ஐயம் வளர்ந்தபின் அவளாற் பழைய பாடத்தைப் பழையபடி நடத்த முடிவதில்லை. ஆசிரியத் தொழில் பூண்டோர் அனைவரும் ஒருமுறை காணவேண்டிய படம் இது. இதனைப் பாடமாக வைத்தலைக் களியாட்டமெனச் சொல்வோர் படத்தைக் கண்டிலர் போலும்.

திரைப்படங்களைப் பல்கலைக் கழகத்திற் கற்பித்தல் பற்றி நம்மவர்க்குள்ள இகழ்ச்சியை யாம் அறிவோம். நாடகத்தையும் ஒரு காலத்தில் அவ்வாறே இகழ்ந்தோம். பின்னர் அதனை முத்தமிழுள் ஒன்றெனச் சொல்லித் தலையிற் சுமந்தோம். ஸ்பெயின் தேசத்தைப் பொறுத்தவரை திரைப்படத்தைக் கல்லாதவன் அத்தேசத்தின் சென்ற நூற்றாண்டைக் கல்லாதவனே. ஃபிராங்கோ என்னும் படைத்தலைவர் 1939 முதல் 1975இல் இறக்கும் வரை அந்நாட்டை ஆண்டார். எழுத்து, நாடகம், படம் யாவும் தணிக்கையாளர் கைப்பட்டே வெளிவந்தன. லூயிஸ் புனுவேலின் ‘விரிதியானா’ 1961ஆம் ஆண்டு கான் நகர விழாவில் உயர்ந்த பரிசினைப் பெற்றது. தன் நாட்டின் சார்பில் அனுப்பப்பட்ட அப்படத்தைத் தன் நாட்டிலேயே திரையிடவொட்டாது ஸ்பெயின் அரசு தடுத்துவிட்டது. 1977இலேதான் அந்நாட்டு மக்கள் அதனைக் காண முடிந்தது.

தணிக்கைக்குத் தப்பிய படங்கள் இதனினும் வியப்பானவை. விக்தோர் எரிசே 1973ஆம் ஆண்டில் எடுத்த ‘தேன்கூட்டின் ஆவி’ என்னும் படத்தை ஈண்டுச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். உள்நாட்டுப் போர் முடிந்து சிறிது காலம். கஸ்தீலிய நாட்டுப்புறத்துச் சிற்றூர் ஒன்று. ஊர் ஊராகச் செல்லும் படக்காட்சிக்காரன் ஒருவன் ‘பிராங்கன்ஸ்டைன்’ படத்தைக் கொணர்ந்து ஊர்மண்டபத்திற் காட்டுகின்றான். ஆனா என்னும் சிறுமி அதைக் கண்டு, அப்பூதம் ஏன் அச்சிறு பெண்ணைக் கொன்றது, பூதத்தை ஏன் கொன்றார்கள் எனத் தமக்கையைக் கேட்கின்றாள். பின்பு, பாழடைந்த ஆட்டுப்பட்டியில் ஒளிந்திருக்கும் காயமுற்ற மனிதன் ஒருவனைக் கண்டு, அவனே அவ்வாவி என்றெண்ணி, உணவும் தந்தையின் மேலங்கியுங் கொண்டுபோய்க் கொடுக்கின்றாள். ஓரிரவில் வெடியோசை கேட்கின்றது. அவன் யாவன், எக்கட்சியான், அவனைச் சுட்டவர் யாவர் என்பவற்றை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தந்தை தேனீ வளர்க்கின்றார். தாய் யாருக்கோ கடிதம் எழுதுகின்றாள். வீட்டில் ஒருவரோடொருவர் பேசுவது அரிது. வகுப்பறைக் காட்சி ஒன்றுண்டு. ஆசிரியை ஓர் அட்டை மனிதனை நிறுத்தி, உறுப்புக்களை ஒவ்வொன்றாகப் பிள்ளைகளைக் கொண்டு பொருத்துவிக்கின்றாள். ஈற்றிற் குறைவது கண். அதனைப் பொருத்துபவள் ஆனா.

தணிக்கையாளர் இப்படத்தில் வெட்டுவதற்கு எதனைக் கண்டிருப்பர்? சொல்லப்படாததை எவ்வாறு வெட்டுவது? அக்கால ஸ்பெயின் மக்கள் வாய் பொத்தி வாழ்ந்த வாழ்க்கையை இப்படத்தின் மௌனம் போல எந்தச் சரித்திர நூலும் எமக்கு உணர்த்திற்றிலது. மௌனத்தையும் படிக்கத் தெரிதல் மொழிக் கல்வியின் ஒரு பகுதியேயாகும்.

இனி, இக்கல்வி பிரித்தானியாவில் எவ்வாறு அமைந்துள்ளதெனச் சுருங்கச் சொல்லுதல் மாணவர்க்கு உதவும். லிவர்பூலில் 1909ஆம் ஆண்டிலும், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1916ஆம் ஆண்டிலும் ஸ்பானியத்திற்குப் பேராசிரியர் பதவியிலமர்ந்தவர் ஃபிட்ஸ்மொரிஸ்-கெல்லி என்னும் ஒருவரே. ஒக்ஸ்போர்டில் 1928ஆம் ஆண்டு சல்வதோர் தெ மதரியாகா அமர்ந்தார். தென்னமெரிக்க வாணிகம் இப்பதவிகளுக்குப் பெருந் தூண்டுகோலாயிருந்தது. அமர்ந்தவர்களோ செர்வாந்தேசையும் பழைய நாடகங்களையும் கற்பித்தார்கள். இந்நாளிற் பெரும்பாலும் நான்காண்டுப் படிப்பு. அதில் ஓராண்டை ஸ்பெயினிலோ இலத்தீன் அமெரிக்காவிலோ வாழ்ந்து கழித்தல் வேண்டும். முன்னர் ஓரெழுத்தும் அறியாதாரையும் பல இடங்களிற் சேர்த்துக்கொள்வர். இங்கிலாந்தின் உயர்தரப் பரீட்சைக்கு ஒரு நூலும் ஒரு படமும், அல்லது இரு நூல்கள் பாடம். அப்பரீட்சையில் 2019ஆம் ஆண்டு முதன்முறையாகப் பிரெஞ்சைக் காட்டிலும் ஸ்பானியத்தை எடுத்தோர் தொகை மிகுந்தது. நமக்கு அண்மையிலும் வழியுண்டு: டில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக் கழகத்தில் ஸ்பானியத்திற் கலைமாணிப் பட்டம் பெறலாம்.

ஆங்கில மாணவனைவிடத் தமிழ் மாணவனுக்கு இம்மொழி எளிது என்று சொன்னால் நம்புவாரிலர். ‘எனக்குப் பாண் பிடிக்கும்’ என்கிறோம். பாண் எழுவாய், நாம் நான்காம் வேற்றுமை. ஸ்பானியனும் அவ்வாறே ‘மே குஸ்தா எல் பான்’ என்பான். ‘எனக்குத் தலை நோகிறது’ என்பதற்கு ‘மே துவேலே லா கபேசா’ என்பான். அங்கும் நோவது தலை, நோவு வந்தடைவது நமக்கு. ஆங்கிலேயன் இதற்காக வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டவேண்டும். நாம் இருந்தபடியே இருக்கலாம். ஆங்கிலத்தில் இல்லாத ஞகரம் அவர்களிடம் தனியெழுத்தாக உண்டு. முன்னிலையிலுள்ளாரை விளிப்பதில் ஆங்கிலேயனுக்கு ஒரு சொல்லே. யாழ்ப்பாணத்தானுக்கு நீ, நீர், நீங்கள் என மூன்று. ஸ்பானியத்திலும் ‘தூ’, ‘வோஸ்’, ‘உஸ்தேத்’ என மூன்றுண்டு. அவை நாட்டுக்கு நாடு நிலைமாறும். செர்வாந்தேசின் கதையில் டொன் கிஹோட்டே தன் பணியாளன் சாஞ்சோவைத் ‘தூ’ என்றே அழைப்பான். சாஞ்சோ அவனை எள்ளி நகைத்த ஓரிடத்திற் சினம் மூண்டு ‘வோஸ்’ என்கின்றான். தன் மகனை ‘நீ’ என்று அழைக்குந் தந்தை கோபம் வந்தால் ‘நீர் பெரிய மனிதர்’ என்று தொடங்குவதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அவ்விடத்தில் அடிக்குறிப்பு எதற்கு?

மேசை, சப்பாத்து, துவாய், பாண் என்னுஞ் சொற்களும் ஸ்பானிய முதற்புத்தகத்திற் சிறிது உருமாறி வந்து நிற்கும். அவை நமக்கு வந்தது அதன் உடன்பிறப்பாகிய போர்த்துக்கேய மொழி வாயிலாக. வந்த வழி இனியதன்று. போர்த்துக்கலும் ஸ்பெயினும் 1580 முதல் 1640 வரை ஒரே அரசனின் கீழ் இருந்தன. யாழ்ப்பாண அரசு வீழ்ந்த 1619ஆம் ஆண்டில், பிலிப் தெ ஒலிவேரா யார் பெயரால் நம் நாட்டைக் கைப்பற்றினானோ அவ்வரசன் ஸ்பெயினின் மூன்றாம் பிலிப் ஆவான். நல்லூர்க் கோயில் இடிந்ததும் அக்காலத்திலேயே.

அதே அரசன் தன் சொந்த நாட்டில் 1609 முதல் 1614 வரை மொறிஸ்கோக்கள் எனப்படும், கிறிஸ்தவராக்கப்பட்ட முஸ்லிம்களின் வழியினரை இலட்சக்கணக்கில் நாடு கடத்தினான். செர்வாந்தேஸ் அக்காலத்தவர். 1605இல் வெளிவந்த முதற் பாகத்தில், இக்கதை தன்னுடையதன்று, தொலேதோ நகரச் சந்தையில் ஒரு பையன் விற்க வந்த அரபு ஏட்டிற் கண்டது, மொறிஸ்கோ ஒருவனுக்கு உலர்ந்த திராட்சையும் கோதுமையுங் கூலியாகக் கொடுத்து மொழிபெயர்ப்பித்தேன் என்று விளையாட்டாக எழுதுகின்றார். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில் விளையாட்டுக் குறைகின்றது. நாடு கடத்தப்பட்ட ரிக்கோத்தே என்பான் அயல்நாட்டு யாத்திரிகனாக வேடம் பூண்டு திரும்பி வருகின்றான். பழைய அயலவனாகிய சாஞ்சோ அவனை அடையாளங் கண்டு கட்டித் தழுவுகின்றான். எங்கிருந்தாலும் பிறந்த மண்ணை நினைத்தே அழுகின்றோம் என்பது அவன் பேச்சின் சாரம். அரசனுக்கு அடங்கி எழுதுவதுபோல எழுதி, அரசன் துரத்தியவனுக்கு நாவைக் கொடுத்துவிட்டார் அப்பெரியார். ஸ்பானிய மொழி ஆதிக்கத்தின் துணையாக வளர்ந்ததென்று நெப்ரிஹாவின் நூல் கூறும். அம்மொழியிலேயே அவ்வாதிக்கத்தை உள்ளிருந்து வினவிய குரலும் எழுந்ததென்று இந்நூல் கூறும். பேச்சுப் பயிற்சியோடு நிற்பவனுக்கு இரண்டும் எட்டா.

இலங்கைக்கும் ஸ்பானிய இலக்கியத்திற்கும் இன்னொரு தொடர்பு உண்டு. அதனை எழுதுதற்குக் கை கூசுகின்றது. எழுதாது விடுதல் அதனினுந் தவறு. சிலி தேசத்துக் கவி பாப்லோ நெருதா, 1971இல் நோபல் பரிசு பெற்றவர், இளமையில் 1929ஆம் ஆண்டளவிற் கொழும்பிற் கொன்சலாக இருந்தார். வெள்ளவத்தைக் கடற்கரையில் வாழ்ந்தார். ‘உலகில் உறைதல்’ எனப் பொருள்படும் அவரது புகழ்பெற்ற கவிதைத் தொகுதியின் ஒரு பகுதி ஈண்டு எழுதப்பட்டது. அவர் இறந்தபின் 1974இல் வெளிவந்த நினைவுக் குறிப்புக்களில், தம் வீட்டு மலவாளியை எடுக்க வந்த, ஒடுக்கப்பட்ட சாதியினளான தமிழ்ப் பெண்ணொருத்தியை ஒரு காலையில் மணிக்கட்டைப் பற்றி இழுத்துச் சென்று, அவள் இசைவின்றிக் கூடியதைத் தாமே எழுதியுள்ளார். அவள் கண்ணை மூடாது, கல்லாய்க் கிடந்தாளென்றும், தம்மை அவள் இகழ்ந்தது நியாயமே என்றும் எழுதுகின்றார். அவளோடு பேசுதற்கு ஒரு மொழியும் தம்மிடம் இல்லையென்பதும் அங்கேயே உளது.

2018ஆம் ஆண்டு சந்தியாகோ விமான நிலையத்திற்கு அவர் பெயரைச் சூட்டும் ஆலோசனை எழுந்தபோது, சிலி நாட்டுப் பெண்கள் இப்பக்கத்தை எடுத்துக்காட்டி எதிர்த்தார்கள். நம் நாட்டில் அசோக ஹந்தகம 2021ஆம் ஆண்டில் ‘அல்பொராதா’ என்னும் படத்தை இந்நிகழ்ச்சியை வைத்து எடுத்தார். சிலியரும் சிங்களவரும் அப்பெண்ணின் பொருட்டுப் பேசியிருக்கத் தமிழர் மூலத்தைப் படித்துச் சொல்லவேண்டியது யாதும் இல்லையா?

மொழிபெயர்ப்பிற் படித்தாலும் நிகழ்ச்சி விளங்கும். நடையின் தந்திரம் மூலத்திலேதான் விளங்கும். அக்கவி அவளைத் தென்னாட்டுப் பழஞ் சிற்பங்களுக்கு ஒப்பிடுகின்றார். கேட்க இனிய உவமை. உயிரும் சினமும் அச்சமும் உள்ள ஒருத்தி அவ்வுவமையினாற் சிலையாகின்றாள். சிலைக்கு மறுக்கும் வாய் இல்லை. பெயரும் அவளுக்கு வைக்கப்படவில்லை. இவ்வாறு அழகு எங்கே குற்றத்திற்குத் திரையாகின்றதெனச் சொல்லுக்குச் சொல் காட்ட வல்லவனே இலக்கியங் கற்றவன். அக்கவியின் ஏனைய பாட்டுக்களை எரித்துவிட வேண்டுமென்று யாம் சொல்லோம். அவற்றைக் கற்கும் வகுப்பில் இப்பக்கமும் கற்கப்படல் வேண்டும் என்போம். நம்மவர்க்கும் ஒன்று: அவளை அவ்வாளி சுமக்க வைத்த சாதி வழக்கத்தைச் சிலி தேசத்தார் கப்பலிற் கொண்டுவரவில்லை.

தொழில் பற்றிய வினாவிற்கு விடை சொல்லாமல் நழுவுகின்றோம் என எண்ணுவாருமிருப்பர். பிற தேசத்து மாணவரிடம் பிரித்தானியப் பல்கலைக் கழகங்கள் அறவிடும் கட்டணம் பெரிது. வீட்டை ஈடுவைத்து ஒருவனை இதற்கு அனுப்புக என்று யாம் எவர்க்குஞ் சொல்லத் துணியோம். சட்டம், பொருளியல், சர்வதேச உறவு என்பவற்றோடு ஸ்பானியத்தை இணைத்துப் பட்டம் பெற வழியுண்டு. பொருள் முட்டுடையோர் அதனை நாடுதல் தக்கது. மொழிபெயர்ப்பு, ஆசிரியம், ஐக்கிய நாடுகள் சபைப் பணி எனத் தொழில்களும் உள. ஸ்பானியம் அச்சபையின் ஆறு உத்தியோக மொழிகளுள் ஒன்று. புலம்பெயர்ந்து வாழும் நம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கோ கட்டணத் தடை அவ்வளவில்லை. அவர்கள் பள்ளியிலேயே ஸ்பானியம் பயில்கின்றனர். அவர்களுள் ஒரு மகள் இத்துறையை விரும்பிக் கேட்டால், வைத்தியத்தைக் காட்டி அவளை வாயடைத்தல் தகாது. ஐந்து தமையன்மார் வைத்தியராக உள்ள குடும்பத்திற்கு ஆறாவது வைத்தியர் எவ்வளவு அவசியமென்பதையும் பெற்றோர் எண்ணிப் பார்க்கலாம்.

நம் கல்லூரியளவிற் செய்யக்கூடியது ஒன்றுண்டு. விழா நிதியில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு நூலகத்தில் ஸ்பானியத்திற்கென ஓர் அலுமாரி வைக்குமாறு பழைய மாணவர் சங்கத்தாரை வேண்டுகின்றோம். அந்த அலுமாரியென்னுஞ் சொல்லும் அவ்வழியே வந்ததுதான். இலக்கணம் ஒன்று, அகராதி ஒன்று, டொன் கிஹோட்டேயின் இரு பாகங்கள், 1936இற் கொல்லப்பட்ட லோர்காவின் நாடகங்கள், ஹுவான் ருல்ஃபோ 1955இல் எழுதிய ‘பெத்ரோ பாராமோ’ ஆகியன தொடக்கத்திற்குப் போதும். ருல்ஃபோவின் நூல் சிறியது. இறந்தோர் பேசும் ஊரொன்றின் கதை. உயர்தர வகுப்பார் ஆங்கில மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டுப் படிக்கலாம். படங்களுள் முதலிற் காட்டவேண்டியது ‘தேன்கூட்டின் ஆவி’. கீழ் வகுப்புப் பிள்ளைகளையும் மண்டபத்தில் அமர்த்தலாம். அதிற் பேச்சு மிகவுங் குறைவு.